முதலாளி பக்கத்துப் பெடல்

காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் பெடலைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மலர்ந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார்.

"இது எனக்கா?"

"உங்களுக்குத்தான் சார்" என்றாள் பின்னிருக்கையில் இருந்த பிரேக் இன்ஜினியர். அவள் மடியில் இருந்த ஃபைல் கைவியர்வையில் நமுத்துப் போயிருந்தது.

கம்பெனியின் புதிய காருக்கு இதுவரை மூன்று பிரேக் காட்டிவிட்டாள். பின்சக்கரத்தில் டிரம் வைத்தது ஒன்று, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் வைத்தது ஒன்று, ஆபத்தைப் பார்த்துத் தானாகவே பிடிப்பது ஒன்று. அளந்து பார்த்ததில் டிஸ்க்தான் கில்லி. ஆனால் முதலாளி கார் ஓட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தரையை மிதிப்பதோடு சரி. மூன்று தடவையும் மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். "வண்டி நிக்கவே மாட்டேங்குதும்மா" என்று மூன்றையும் ஒதுக்கிவிட்டார்.

இன்றும் அவருக்குப் பிடிக்காவிட்டால், அவருடைய மச்சினன் சிபாரிசு செய்யும் பிரேக்கை வெளியிலிருந்து வாங்கிப் போடுவதாக முடிவு. அவளுடைய இரண்டு வருட உழைப்பு மூலையில் தூங்கும்.

கார் சோதனைத் தடத்தில் கிளம்பியது. முதல் தடுப்பு வந்ததும் முதலாளி மிதித்தார். கார் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அடுத்த தடுப்பிலும் அப்படியே. ஓட்டுநர் மட்டும் ஓரக்கண்ணால் முதலாளியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே எட்டி உதைத்துவிடுவாரோ என்ற பயம் போலிருக்கிறது.

ஐந்தாவது சுற்றில் முதலாளிக்குக் குஷி தாங்கவில்லை. இறங்கியதும் இறங்காததுமாக ஃபைலை வாங்கிக் கையெழுத்தைப் போட்டார்.

"என்ன பிரேக்கும்மா இது?"

"டிஸ்க்தான் சார். போன மாசம் பார்த்தீங்களே, அதேதான்."

"அது வேற, இது வேற. கால வெச்சு மிதிச்சவனுக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டபடியே நடந்தார். பிரேக் விஷயத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவர் பெருமையடித்துக்கொண்டது, அவர் கட்டடத்துக்குள் போய் மறையும்வரை கேட்டது.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

சக்கரங்களின் சூட்டைப் பார்க்கக் காருக்கு அடியில் புகுந்திருந்த மெக்கானிக், வெளியே தலையை நீட்டினார்.

"மேடம், முதலாளி பக்கத்துப் பெடலுக்கு இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலையே, குடுத்துடவா?"