பதியாத ஆட்கள்

“பொய் சொல்லாத தம்பி. பொலிஸில உன்ர ஒரு பேரைத்தான் பதிஞ்சு வைச்சிருக்கிறன். உள்ளுக்கு எத்தனை பேர்?”

“நான் மட்டும்தான் அன்ரி.”

“நேற்று ரெண்டு பேர் கிற்றார் அடிச்சது கேட்டது. இண்டைக்கு நாலு பேர்! வெள்ளவத்தை முழுக்க செக்கிங். பதியாத ஆள் பிடிபட்டால் என்னையுமெல்லே ஏத்திக்கொண்டு போவாங்கள்?”

கதவை மறித்து நின்ற நிரோஜனைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்காரி நேசமலர் அவனுடைய வாடகை அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். அலுமாரியைத் திறந்தாள். ஒருவரும் இல்லை. ஆனால் கிற்றார்கள் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தன.

நிரோஜன் தரையில் கிடந்த சின்னப் பெட்டியைக் காலால் மிதித்தான். சத்தம் நின்றது.

“இது லூப்பர், அன்ரி. நான் வாசிக்கிறதைப் பிடிச்சு வைச்சுத் திருப்பித் திருப்பி வாசிக்கும். அதுக்கு மேலயும் வாசிச்சுச் சேர்க்கலாம். நேற்றுக் கேட்டது வேற பெட்டி. கடைக்காரர் ரெண்டையும் வாசிச்சுப் பார்க்கத் தந்தவர், ஒண்டைத்தான் வாங்கலாம்.”

நேசமலர் கட்டிலில் பொத்தென்று இருந்தாள். “நான் பயத்தில செத்துப்போனன்.”

அவன் கண்கள் விரிந்தன.

“அதில ரெண்டு பேர், இதில நாலு பேர் எண்டு நினைச்சிருக்கிறியள்! அப்ப இதைத்தானே அன்ரி வாங்கவேணும், நீங்கள் என்ன சொல்லுறியள்?”