பொருந்தாத செயின்

பெம்பான் சாலையில் மறுபடியும் செயின் கழன்றது. சேகரன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் குனிந்தான். வெள்ளைச் சட்டையின் கை முழுக்கக் கிரீஸ்.

"அப்புசாமியண்ணே, உங்களை வந்து கவனிச்சுக்கிறேன்" என்று பல்லைக் கடித்தான்.

நேற்றுதான் ரிப்பேராகி வந்த சைக்கிள். பசாருக்குப் போன அவன் மனைவி கமலவேணி, அப்புசாமி கடையிலிருந்து அதை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்தாள்.

சேகரன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி. நியாலாஸ் பக்கம் போகும் எஸ்டேட்டின் அரிசி லோரியில், முச்சந்தியில் ஏறி டிரைவர் நல்லமுத்துவுக்குப் பக்கத்தில் அவன் உட்கார வேண்டும். மலாயாவில் அவசரகாலம் வந்ததிலிருந்து அரிசி லோரி யாருக்காகவும் நிற்பதில்லை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் அரிசி வேண்டுமே!

செயினை மாட்டினான். மிதித்தான். கடக்கென்று வழுக்கிக் காலைத் தூக்கிப் போட்டது. கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினான். முச்சந்திக்கு வந்தபோது தூரத்தில் லோரி கிளப்பிய புழுதி மட்டும் தெரிந்தது.

எஸ்டேட் துரையிடம் என்ன பதில் சொல்வது? உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. முச்சந்திக் கடையோரம் போவதும் வருவதுமாக இருந்தான். அப்போது ராணுவ வண்டிகள் ஹாரன் அடித்தபடி நியாலாஸ் பக்கம் பறந்தன.

மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. ரப்பர் காட்டு வளைவில் லோரியைச் சுட்டிருக்கிறார்கள். அரிசி போய்விட்டது. நல்லமுத்து ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து இறந்து கிடந்தாராம்.

சேகரன் அழுது முடிப்பதற்குள் போலீஸ் ஜீப் அவனைத் தேடி வந்தது.

ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டரும் தமிழர்தான். ஆனால் பேச்சில் ஒட்டுதல் இல்லை.

"லோரி எந்த நாள் கிளம்பும், எந்த வழியா போவும், எல்லாம் உனக்குத் தெரியும். வாரா வாரம் ஏறுற ஆளு இன்னிக்கி மட்டும் ஏறல. ஏன்?"

"செயின் கழண்டுபோச்சு சார்."

"நல்ல நாளாப் பாத்துக் கழண்டிருக்கு! வீட்ல யாரு யாரு?"

"நானும் சம்சாரமும்தான் சார். சம்சாரத்தோட தம்பி சின்னத்தம்பி கூட இருந்தான். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போனவன், இதுவரைக்கும் ஒரு கடுதாசி இல்ல."

"லோரி விஷயம் வெளிய யாருகிட்டயாச்சும் பேசினியா?"

"சத்தியமா இல்ல சார். வெளிய யாருகிட்டயும் வாயே திறக்கமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கச் சட்டம் இருக்கிறது. போன மாதம் அப்படிப் போன பக்கத்து லயத்து ஆள் இன்னும் திரும்பவில்லை.

"சைக்கிள் கடை அப்புசாமியண்ணனைக் கேளுங்க சார். அவருதான் ரிப்பேர் பண்ணாரு."

அப்புசாமியைக் கூட்டி வந்தார்கள். சைக்கிள் முற்றத்தில் கவிழ்த்து நிறுத்தப்பட்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு சேகரனைப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னலா முழிக்கிற? சொல்லு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் தப்புதாங்க ஐயா" என்றார் அப்புசாமி. "முன்னால மிதிகிட்ட இருக்கிற பல்சக்கரம் இங்கிலீஷ் சாமான். செயின் வேற கம்பெனி. பின்னால மாட்டின பல்சக்கரம் ஜப்பான்காரன் காலத்துப் பழைய சைக்கிள்லேருந்து கழட்டினது. இந்தச் செயினுக்கு அதோட பல்லு தடிப்பு. சும்மா சுத்தினா சுத்தும். ஆளு ஏறி அழுத்தி மிதிச்சா செயின் பல்லு மேல ஏறி வழுக்கிரும்."

"தெரிஞ்சுமா மாட்டின?"

"சரியான சாமான் கைவசம் இல்லீங்க. ஓடிரும்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளை ஏறி மிதிக்கச் சொன்னார். வாசலைத் தாண்டுவதற்குள் கடக்கென்று வழுக்கிச் செயின் கழன்று தொங்கியது. அவர் திரும்ப மிதிக்கச் சொன்னார். மறுபடியும் அதே கதை.

"உன்ன மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்?" என்று அப்புசாமியிடம் எரிந்து விழுந்தவர், சேகரன் பக்கம் திரும்பி, "போ. கூப்பிட்டா வரணும்" என்றார்.

இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஸ்டேஷன் கண்ணுக்கு மறைந்ததும் சேகரன் அவர் பக்கம் திரும்பினான்.

"காலையில உங்களை அடிக்கிற கோவத்துல இருந்தேண்ணே. நீங்க மட்டும் சரியா மாட்டியிருந்தா, நல்லமுத்து அண்ணனோட நானும் போயிருப்பேன்."

அப்புசாமி நின்றார். முன்னும் பின்னும் சாலையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் சரியாத்தான் மாட்டி வச்சிருந்தேன், தம்பி."

"என்னண்ணே சொல்றீங்க? அப்ப உள்ள சொன்னது?"

"உள்ள வேற என்னத்தச் சொல்றது? ஏதோ உங்க வீட்டுச் சண்டைன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். எனக்கே இப்பத்தான் புரியுது."

"என்ன புரியுது?"

அப்புசாமி குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து உன் சம்சாரந்தான் பக்கத்துலயே நின்னு, நல்லதக் கழட்டிட்டு வழுக்கற மாதிரி ஒண்ணு மாட்டச் சொல்லிச்சு."