முழுசா போடுங்க தலைவரே!

"முப்பத்தொம்பது வீடு மனுவுல கையெழுத்து போட்டாச்சு. நீ ஒருத்தி போட்டுட்டா மேட்டு மேல காத்தாலை கிடையாது. போடும்மா, பேனா காஞ்சு போகுது!"

தெருச் சங்கத் தலைவர் மைக்கைத் தட்டினாரு. தன் வீட்டு ஹால்ல இருபது பேர் கிட்ட பேச மைக் எதுக்குன்னு யாரும் கேக்கல.

பக்கத்து வீட்டு தையல்காரம்மா கழுத்துல இஞ்ச் டேப்போட உக்காந்திருந்தாங்க. பேனாவைத் தொடல.

"காத்தாலை வந்தா நம்ம மூணு தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் மொதல்ல கரண்டுன்னு எஞ்சினீயர் சொன்னாரே தலைவரே. புகை இல்ல, கரி இல்ல. கீழ ஆடு கூட மேயலாமாம்."

"பாருங்கய்யா, ஆட்டுக்கு வக்கீலு!"

ஹாலே சிரிச்சுது.

"ஆட்டுக்கில்லைங்க, எங்க வீட்டுக்காரருக்கு. கரண்ட் போனா அவரு மூச்சு மெஷின் நின்னுடுது. சரி, காத்தாவது வரட்டும்னு பாத்தா ஜன்னலைத் திறக்க முடியல..."

"ஜன்னல் திறக்கலன்னா கார்பெண்டரைக் கூப்பிடு. காத்தாலை எதுக்கு?"

மறுபடி சிரிப்பு.

"றெக்கையில பட்டு பறவைங்க சாகுமே! வாயில்லா ஜீவன், பாவம் இல்லையா?"ன்னு பின்னாடியிலிருந்து ஒரு குரல் தழுதழுத்துது. கோழிக்கடைக்காரரு.

"அதெல்லாம் விடுங்க, சத்தம்! சத்தத்தைக் கேளுங்க!" தலைவர் போனை ஸ்பீக்கர்ல மாட்டினாரு. "அடுத்த ஊரு காத்தாலைக்கு அடியிலயே நின்னு, கொளுத்துற வெயில்ல நானே பதிவு பண்ணது. யாருக்காக? உங்களுக்காக!"

கட கட கட கட... டணங்! கட கட கட கட... டணங்!

கோழிக்கடைக்காரரு காதைப் பொத்திக்கிட்டாரு.

தையல்காரம்மாவுக்கு மெஷின் சத்தத்துலயே பொழப்பு. எந்த மெஷின்ல எந்த ஸ்குரூ ஆடுதுன்னு காதே சொல்லிடும். அந்த 'டணங்'குக்கு லேசா தலையை ஆட்டினாங்க.

"தலைவரே, முழுசா போடுங்க. கடைசி வரைக்கும் கேட்டுட்டு கையெழுத்து போடறேன்."

"அப்படி வா வழிக்கு!" தலைவர் சத்தத்தை இன்னும் ஏத்தி, கண்ணை மூடி, நெஞ்சுல கை வெச்சுக்கிட்டாரு.

டீத் தட்டோட வந்த அவரு சம்சாரம் வாசப்படியிலயே நின்னுட்டாங்க.

"என்னங்க... அதை நிறுத்துங்களேன்."

"நீ சும்மா இரு! காத்தாலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"இல்லைங்க, அதுல..."

"உஷ்!"

கட கட கட... டணங்! அதுக்கு நடுவுல ஸ்பீக்கர்லயும் ஒரு குரல். இதே சம்சாரத்தோட குரல்.

"என்னங்க, அங்க போனை நீட்டிக்கிட்டு என்ன பண்றீங்க? கரண்ட் வந்து அரை மணி நேரமாச்சு, ஜெனரேட்டரை அணைங்க!"

கட கட... கட... ட்டுக்.

கோழிக்கடைக்காரரு காதுல இருந்து கையை எடுத்தாரு.

தையல்காரம்மா எழுந்து வந்து பேனாவை எடுத்தாங்க.

"எங்க போடணும் தலைவரே? இந்தச் சத்தத்துக்கு எதிரா மட்டுமா, இல்ல எங்க ஜன்னலுக்கு வர்ற புகைக்கும் சேத்தா?"