வண்டிக்குள் கைலாசம்

உச்சி வெயிலில் முனிராஜுக்கு உடம்பு நடுங்கியது. கூண்டு வண்டிக்குள் அவன் கொண்டுவந்திருந்த கைலாசம் உருகிக்கொண்டிருந்தது.

மதுவிலக்கு வந்த மறு வருஷத்துச் சித்திரை அது. தீர்த்தமலை அடிவாரத்தில் தரையில் கால் வைக்க முடியவில்லை. மலையேறிக் கும்பிட்டு இறங்கிய கூட்டம் நிழல் தேடி அலைந்தது. அதிலும் சித்தேரி மலையிலிருந்து வேண்டுதலுக்காக வந்தவர்கள் பாடு பெரும்பாடு. மலைமேல் குளுகுளுவென்று வாழ்ந்தவர்களுக்குக் கீழ்நாட்டு வெயில் ஒத்துவருமா?

அவர்களை நம்பித்தான் முனிராஜ் கடை விரித்திருந்தான். மலையாட்கள் சூதுவாது தெரியாதவர்கள், எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள் என்பது அவன் எண்ணம். பெங்களூரில் பெரிய ஐஸ்கட்டி ஒன்றை வாங்கி, மரத்தூளில் புதைத்து, மொரப்பூர் வரை ரயிலில் கொண்டுவந்து வண்டியில் ஏற்றியவன், "கைலாசத்துக் கல்லு! தொட்டா சில்லுங்கும்!" என்று கூவினான். தரிசனத்துக்கு ஆளுக்கு ஒரு உழக்கு சாமை.

கல் உருகாமல் இருக்கப் புருஷனும் பெண்டாட்டியும் படாத பாடுபட்டார்கள். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, கூண்டின் மேல் நொச்சித் தழை பரப்பி, அதன்மேல் ஈரக் கோணி போர்த்தினார்கள். முன்னும் பின்னும் வெட்டிவேர்த் தட்டி. அடியில் ஈர மணல். மனைவி பாஞ்சாலி கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

என்ன ஊற்றி என்ன? காலையில் நெல் மூட்டை அளவு இருந்த கல், பத்து மணிக்கு ஆட்டுக்கல் ஆயிற்று. பதினோரு மணிக்குத் தேங்காய் ஆயிற்று. இப்போது முனிராஜ் தட்டியை விலக்கிப் பார்த்தால் வெறும் மணல்தான் இருந்தது.

"பாஞ்சாலி, கல்லு போயிடுச்சுடி!" என்று கிசுகிசுத்தான்.

"ஐயோ, ஜனம் தோலை உரிச்சிடுமே! வாங்க, வூட்டைப் பார்த்து ஓடிடலாம்."

ஓடுவதற்கு மாடு வேண்டுமே. அது ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் பாப்பாரப்பட்டிச் சந்தையில் இரண்டு தலைக் கோழி காட்டி, இரண்டாவது தலையின் தையல் பிரிந்தபோது வாங்கிய அடி இன்னும் முதுகில் இருந்தது. "இன்னொருக்கா மோசடின்னு மாட்டினா ஆறு மாசம் உள்ளதான்" என்று ஏட்டு இன்னாசி அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார்.

ஆபத்துக்குப் பாவமில்லை. முனிராஜ் நுகத்தடி மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! வெயில் உச்சிக்கு வந்துட்டா கைலாசத்துக் கல்லு மறைஞ்சு நிக்கும். பாவம் பண்ணாதவங்க கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும்!"

முன்னால் நின்ற குள்ளன் என்ற சித்தேரிக்காரன் சாமையை அளந்து போட்டுவிட்டு, ஐந்தாறு பேருடன் உள்ளே நுழைந்தான். முனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தயாரானான்.

உள்ளே சத்தமே இல்லை. அரை நாழிகை கழித்துக் குள்ளன் வெளியே வந்தான். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"தெரிஞ்சுதுங்களா?" என்றான் முனிராஜ் பயந்துபோய்.

"தெரியாமெ என்னங்க? கைலாசமேதான்!" என்ற குள்ளன், நேராகப் போய் வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றுகொண்டான்.

அடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். முனிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பாவி என்று பேர் வாங்க எவனுக்கு மனசு வரும்! ஒரு சாமை மூட்டை நிரம்பி இரண்டாவதும் பாதியாயிற்று. சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டான்.

"போதும்டி, கல்லே இல்லாத வண்டிக்கு எதுக்குத் தண்ணி?" என்று பாஞ்சாலியின் குடத்தை வாங்கிக் கீழே வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள்ளிருந்தும் வரிசையிலிருந்தும் ஒரே கூச்சல். "ஏம்மா நின்னுட்டே? தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து!"

இல்லாத கல்லின் மேல் இவர்களுக்கு என்ன பக்தி என்று முனிராஜ் பூரித்துப் போனான். பாஞ்சாலி குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிணற்றுக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒரு சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது. ஏட்டு இன்னாசி! நேராக வண்டிக்குள் ஏறித் தட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். பாவம் புண்ணியம் என்று சொல்லி ஏட்டை ஏமாற்ற முடியுமா?

ஒரு மணி நேரம் கழித்து ஏட்டு இறங்கி வந்து சோம்பல் முறித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"முனிராஜு, உன் பேர்ல மோசடிப் புகார் வந்திருக்கு. இருபது பேரு கைநாட்டு வச்சிருக்காங்க."

முனிராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "எசமான், கல்லு உருகிடுச்சுங்க! இல்லாத கல்லைக் காட்டினது தப்புத்தானுங்க. மதியானத்துக்கு மேல வந்தவங்க சாமையை எல்லாம் திருப்பிக் குடுத்துடறேனுங்க!"

"அவங்க ஏன்யா கேக்கப் போறாங்க? அவங்க யாரும் புகார் குடுக்கலையே" என்ற ஏட்டு, காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்:

"குடுத்தவங்க எல்லாம் காலையில வந்தவங்க, நடுவுல அந்தப் பாழாப்போன கல்லு கிடந்ததால காலை நீட்டிப் படுக்க முடியலையாம்!"