முதலில் தாண்டுகிறவர்

போயே போய்விட்டது.

ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கன்னங்கரேலென்று ஒரு பூனை. இடப்பக்கத்து முருங்கை மரத்திலிருந்து இறங்கி, அவசரமே இல்லாமல் தெருவைக் கடந்து, வலப்பக்கத்து மதில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. செய்வதையும் செய்துவிட்டு அவளையே பார்க்கிறது.

பாவி, இன்றைக்கா?

இன்றைக்குத்தான் அவள் வீட்டுக்காரரின் கழுத்துக் கட்டிக்கு ரிசல்ட். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பன்னிரண்டு நாளாகிறது. புற்றா, வெறும் கட்டியா, பதினொரு மணிக்குச் சொல்லிவிடுவார்கள். ஒரு காகிதம் வாங்க இரண்டு பேர் எதற்கு என்று அவர் மட்டும் லேபுக்குப் போயிருந்தார். அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தலையைக்கூட வாராமல் கிளம்பி வந்துவிட்டாள்.

பயம். வேறென்ன.

வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டு மறுபடி புறப்படலாம். அதற்கு நேரமில்லை.

இல்லையென்றால், வேறு யாராவது முதலில் தாண்ட வேண்டும். முதலில் தாண்டுகிறவரோடு அந்த அபசகுனம் போய்விடும். அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் கிடையாது.

சரி, யாராவது வரட்டும்.

ஒருவரும் வரவில்லை. மற்ற நாளில் இந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

பூனை இடமிருந்து வலமாகப் போனால் ஆகாது என்பார்கள் அவள் பிறந்த வீட்டில். மாமியார் வீட்டில் நேர்மாறு. அவள் இரண்டுக்கும் பயந்தே பழகியவள். இன்றைக்கு என்னவோ புதிதாக ஒன்று தோன்றியது. எதிரில் ஒருவர் வந்திருந்தால், அவருக்கு இதே பூனை வலமிருந்து இடமாக அல்லவா போயிருக்கும்?

ஒரே பூனை. ஒரே தெரு. அவருக்கு நல்லது, எனக்குக் கெட்டதா? இது எந்த ஊர் நியாயம்?

எட்டி நின்று பூனையை உற்றுப் பார்த்தாள். நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் அது கறுப்புப் பூனைக் கணக்கில் வராது. இது அவளாக அப்போது போட்டுக்கொண்ட சட்டம்.

பூனை பின்னங்காலைத் தூக்கி நக்கியது. வயிறு கறுப்பு. வால் நுனி கறுப்பு. உள்ளங்காலும் கறுப்பு.

சனியன், ஒரு முடிகூடவா வெளுக்கவில்லை!

பின்னால் ஹாரன் அடித்தது. தண்ணீர் கேன் போடும் இசக்கியப்பனின் குட்டியானை வண்டி.

“என்னக்கா, நடுரோட்டுல நிக்கீங்க?”

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். போகட்டும். அவனாகத்தானே போகிறான்.

வண்டி நகர்ந்தது. அவன் பெண்டாட்டிக்கு இது ஒன்பதாம் மாதம். போன வாரம்தான் வளைகாப்புக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

“ஏய், நில்லுய்யா! பூனை போயிருக்கு.”

வாய் சும்மா இருந்தால்தானே. அவன் சடக்கென்று பிரேக் போட்டான். மதிலைப் பார்த்தான். எஞ்சினை அணைத்துவிட்டான்.

இப்போது நிற்பது இரண்டு பேர்.

அவன்தான் முதலில் பார்த்தான்.

“அந்தா அண்ணாச்சி வாராக. இனி கவலையில்லக்கா. அவுகளுக்குத்தான் இதெல்லாம் கெடையாதே.”

தெருமுனையில் தவமணி வந்துகொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர். கையில் பழுப்புக் கவர்.

அவருக்கு இதெல்லாம் கிடையாதுதான். முப்பத்தொரு வருஷம் லைன்மேன். ராகுகாலம், எமகண்டம் ஒன்றும் பாராமல் கம்பம் ஏறினவர். எத்தனை பூனையைத் தாண்டியிருப்பார்! அவள் நின்றால் கையைப் பிடித்து இழுப்பார். பூனைக்கு ஆயிரம் ஜோலி, உன்னைப் பார்க்கவா வருது என்று தெருவே கேட்கச் சிரிப்பார். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இன்றைக்கு அந்தச் சிரிப்பு ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது.

முகத்தைப் பார்த்தாள். தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடை எப்போதும்போலத்தான். கவர் பிரித்திருக்கிறதா? தெரியவில்லை.

“அண்ணாச்சி, கருப்புப் பூனை குறுக்க போயிருக்கு!” இசக்கியப்பன் கையை ஆட்டிக் கத்தினான். “நீங்க தாண்டி வாங்க. உங்க பின்னாலதான் நாங்க போகணும்.”

தவமணி மதிலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார்.

நின்றுவிட்டார்.

இசக்கியப்பன் சிரித்தான். அண்ணாச்சி விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான்.

அவள் சிரிக்கவில்லை. அவர் கால்களையே பார்த்தாள். இரண்டும் சேர்ந்தாற்போல் நின்றன. கவரை மார்போடு பிடித்திருந்தார்.

இத்தனை வருஷத்தில் நிற்காத மனுஷன்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. காகிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டியதே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று கையை உயர்த்தினார்.

“சொர்ணம், நீ வராத. அங்கேயே நில்லு.”

அவள் நிற்கவில்லை. விடுவிடென்று நடந்தாள். முருங்கை மரத்தையும் மதிலையும் கடந்து நேராக அவர் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது.

“நான் தாண்டியாச்சு. இனிமே நீங்க வாங்க.”