நாற்பது நிமிட அனுமதி

மனத்தைக் கலங்கடிக்கும் எந்த ஒலியையும், அரசு காதில் பொருத்திய வடிகட்டி உள்ளே விடாது. அதனால், செலோவும் பாசூன் குழலும் டிரம்ஸோடு சேர்ந்து மிரட்டும் அந்த இருண்ட ராக் இசையில் குணாளனுக்கு மிஞ்சுவது டிரம்ஸின் தட்டல் மட்டும்தான். ஆறு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, வடிகட்டியை நாற்பது நிமிடம் நிறுத்திவைக்க அனுமதி வாங்கினான்.

ஞாயிறு மதியம் அறைக்குள் உட்கார்ந்து, வடிகட்டியை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். தாளம் ஏழிலிருந்து பதினொன்றுக்குத் தாவியது. செலோவும் பாசூனும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. அவற்றுக்கு அடியில், எந்தக் கணக்குக்கும் அடங்காமல் ஒரு விசும்பல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன மூளை இந்த இசைக்காரர்களுக்கு என்று தலையாட்டினான்.

முப்பத்தாறாம் நிமிடத்தில் இசை முடிந்தது. விசும்பல் முடியவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தான். அடுக்களையில் அவன் மனைவி சுடரொளி, முதுகைக் காட்டியபடி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுடர், எப்பலேர்ந்து அழற?"

அவள் திரும்பினாள். அவன் காதிலிருந்த வடிகட்டியின் பச்சை விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தாள்.

"கல்யாணமான மறு வருஷத்துலேர்ந்து," என்றாள். "இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"