எதிர் டீமுக்குத் தனிப் பானை

"அந்த கோல்கீப்பரைப் பாரேன். பனைமரத்துக்கு நிஜார் மாட்டின மாதிரி இருக்கான்" என்றான் துரைராஜ்.

ராயப்பேட்டைக் காலேஜ் டீம் லஸ்ஸில் டிராமை விட்டிறங்கி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர்க் காலேஜ் பையன்கள் வேலியோரம் நின்று ஒவ்வொருவனாக எடை போட்டார்கள்.

"பேரு கலீமுல்லா. இந்த சீசன்ல ஒரு கோல்கூட வாங்கலையாம்" என்றான் ரகுபதி.

"முன்னாடி வர்ற குட்டையன்?"

"வேலு. காப்டன். வெறுங்காலோடதான் ஆடறான். பந்து கிடைச்சா அந்தக் கால் கண்ணுக்கே தெரியாது."

"நம்ம பசங்க?"

ரகுபதி மைதானத்தின் மறுகோடியைக் காட்டினான். அங்கே மயிலாப்பூரின் சென்டர் ஃபார்வர்டு பூட்ஸ் கயிற்றை முடிச்சுப் போடத் தெரியாமல் இன்னொருவனிடம் காலை நீட்டிக்கொண்டிருந்தான்.

துரைராஜ் பி.ஏ.வில் தவறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் கேட்டால், தங்கள் டீம் ஷீல்டு ஜெயிப்பதைப் பார்க்காமல் காலேஜை விட மனசில்லை என்பான். இந்த வருஷம் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாஸோ ஃபெயிலோ, பரீட்சை முடிந்ததும் மரக்கடைக்கு வந்துவிட வேண்டும். இன்றைய ஃபைனலை விட்டால் அவனுக்கு வேறு ஷீல்டு இல்லை.

"கவலைப்படாதே, ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்று புங்கமரத்தடியைக் காட்டினான்.

இரண்டு பானை நன்னாரி சர்பத். வெளி டீம் வந்தால் உள்ளூர்ப் பையன்கள் சர்பத் கொடுத்து வரவேற்பது வழக்கம்.

"இது நமக்கு. அது அவங்களுக்குத் தனி."

"எதுக்குத் தனி?"

துரைராஜ் காதோடு சொன்னான். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பேதி மருந்து. நன்னாரி நிறத்தில் தெரியாது. அரை மணியில் வேலை காட்டும்.

"பாவம்டா" என்றான் ரகுபதி.

"போன வருஷம் கோல் கோலாப் போட்டாங்களே, அப்ப நம்மளைப் பாவம் பார்த்தாங்களா?"

துரைராஜே தம்ளரை ஏந்திக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற சிரிப்போடு போனான்.

வேலு கைகூப்பினான். "இப்ப வாணாம் நைனா. ஆட்டம் முடியட்டும்."

அடுத்தவனும் தலையாட்டினான். டீமில் ஒருத்தனும் தம்ளரைத் தொடவில்லை.

துரைராஜ் கொதித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"பார்த்தியா? நம்ம மேல சந்தேகம்டா. மனுஷனை மனுஷன் நம்பலைன்னா உலகம் இன்னாடா ஆகும்?"

ரகுபதி அவன் முகத்தைப் பார்த்தான். துரைராஜுக்கு நிஜமாகவே மனசு புண்பட்டிருந்தது.

இடைவேளையிலும் அதே கதைதான். தை மாதமானாலும் அடித்த வெயிலுக்கு மயிலாப்பூர் டீம் தன் பானையைக் காலி செய்துவிட்டது. ராயப்பேட்டைக்காரர்கள் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"திமிரைப் பாரு. செத்தாலும் நம்ம சர்பத்தைக் குடிக்க மாட்டாங்களாம்" என்று வேலியோரம் பொருமியது.

கடைசியில் வேலுவின் வெறுங்கால்தான் அந்த ஒரே கோலைப் போட்டது. இந்தப் பக்கம் அடித்த பந்தெல்லாம் கலீமுல்லாவின் கையில் போய் விழுந்தது. ஷீல்டு ராயப்பேட்டைக்குப் போயிற்று.

துரைராஜ் மரத்தடியில் இடிந்துபோய் உட்கார்ந்தான்.

"பானையைக் கொட்டிடலாம்டா" என்றான் ரகுபதி.

"இருக்கட்டும். ஜெயிச்சவங்க வந்து குடிக்கட்டும். டிராம்ல போறப்போ தெரியும்."

வெயில் தாழ்ந்தது. ராயப்பேட்டை டீம் மொத்தமும் மரத்தடிக்கு வந்தது.

"இப்ப குடு நைனா" என்றான் வேலு. "எங்க கீப்பருக்கு நோன்பு. அவரு வாய் நனைக்காம நாங்க மட்டும் எப்டிக் குடிக்கிறது? அதான் எல்லாருமே காஞ்சிக்கினு கெடந்தோம்."

கலீமுல்லா கூச்சத்தோடு அவன் தோளை இழுத்தான். "விடுப்பா."

"சொல்றேன் இரு. எங்க காலேஜ் ஆளுங்க சில பேரு, மைலாப்பூர்க்காரன் குடுக்கறதக் குடிக்காதே, எதனா கலந்துருப்பான்னாங்க. இவருதான் சண்டைக்கே போய்ட்டாரு. வூட்டுக்கு வந்தவனுக்கு யாரும் அப்டி செய்யமாட்டான், என் நோன்பையே அந்த சர்பத்துலதான் தொறக்கப் போறேன்னாரு."

தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. கலீமுல்லா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, பானையில் தம்ளரை விடக் குனிந்தான்.

துரைராஜ் எழுந்து பானையை எட்டி உதைத்தான்.

பானை உடைந்து சர்பத் மணலில் ஓடியது. ரகுபதி ஒருவன்தான் நிம்மதியாக மூச்சு விட்டான். மற்றவர்கள் எல்லாம் துரைராஜைப் பார்த்தார்கள்.

"சீ, தோத்தா இப்டியா?" என்றது அவனுடைய கூட்டமே.

"நோன்பு வுடறவன் வாய்க்கு வந்ததைத் தட்டிவுடறியே, நீயெல்லாம் மனுசனா?" வேலு கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

துரைராஜுக்கு அடி விழுந்தாலும் தேவலை என்று தோன்றியது. வெட்கத்தில் தலை குனிந்து நின்றான்.

கலீமுல்லா வேலுவின் கையைப் பிடித்து இறக்கினான். தன் பையிலிருந்து சின்னக் கூஜாவை எடுத்து, அதிலிருந்த கொஞ்சம் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி, துரைராஜின் முன்னால் நீட்டினான்.

"தோக்கறது கஷ்டம்தான், எனக்கும் தெரியும். மத்தியானத்துலேர்ந்து கத்திக்கினே கீறே, தொண்டை வறண்டிருக்கும். மொதல்ல நீ குடி தம்பி."